தண்ணீர்மலைப் படிகளும் கொடிமலைப் பாதையும்

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோவிலின் 513 படிகளைத் தைப்பூசந்தோறும் பால்குடம் ஏந்தி வெறுங்காலுடன் ஏறுவது பல ஆண்டுகளாக எனக்குப் பழகிய ஒன்று. அந்தப் பழக்கம் தந்த துணிவில்தான், கோவிலை அடுத்து உயர்ந்து, பெரும்பாலான நாள்களில் தலைப்பகுதி மேகத்தில் மறைந்து நிற்கும் கொடிமலையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடந்தே ஏறிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு, நீரிணைக்கு அப்பால் பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். முதல் முறை பாதி வழியிலேயே திரும்ப நேர்ந்தது. இரண்டாம் முறை உச்சியை அடைந்தேன். அதன் பிறகு மூன்று முறை ஏறிவிட்டேன். நாற்பதைக் கடந்த, அலுவலக நாற்காலியில் வாரம் முழுவதும் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்கள் இம்மலையை ஏற விரும்பினால் அவர்களுக்குப் பயன்படும் என்பதற்காக, பட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

மலாய் மொழியில் இதற்குப் புக்கிட் பெண்டேரா என்று பெயர். பெண்டேரா என்றால் கொடி. மலைமேல் நட்டிருந்த கொடிமரத்தால் வந்த பெயர் அது. கொடிமலை என்று பினாங்குத் தமிழர் அழைப்பது அதன் நேர்ப் பொருளே. உண்மையில் இது ஒரே சிகரம் அன்று, பல குன்றுகள் சேர்ந்த தொகுதி. அவற்றுள் உயரமான மேற்குக் குன்று ஏறத்தாழ 830 மீட்டர். மலை ரயில் சென்று நிற்பதும், மக்கள் கூடுவதும், ஊரைப் பார்ப்பதற்கான மேடைகள் இருப்பதும் அதைவிடச் சுமார் 100 மீட்டர் தாழ்ந்த பகுதியில். நடப்பவர்கள் பெரும்பாலும் உச்சி என்று சொல்வது இந்தப் பகுதியைத்தான். மலையடியிலுள்ள தாவரவியல் பூங்காவிலிருந்து அங்கே செல்ல, செங்குத்தாக மட்டும் 600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். கோவில் படிகளை ஏறுவதோடு இதை ஒப்பிட்டதே நான் செய்த முதல் தவறு. ஜார்ஜ்டவுன் நடுவில் நிற்கும் கொம்தார் கோபுரத்தின் அடியிலிருந்து மேல்தளம் வரை படிக்கட்டில் ஏறி, அப்படியே இன்னொரு முறையும், அதற்கு மேல் இன்னும் பாதிக்கும் அதிகமாகவும் ஏறுவதாக எண்ணிப் பார்த்தால் இதன் அளவு விளங்கும்.

முதல் முறை நான் சென்றது பூங்காவின் வாயிலருகே தொடங்கும் ஜீப் பாதையில். தார் போட்ட பாதை என்பதால் எளிது என்று எண்ணினேன். பொதுமக்களின் வண்டிகளுக்கு அனுமதியில்லாத, மலைவாசிகளின் வண்டிகளும் பராமரிப்பு வண்டிகளும் மட்டுமே செல்லும் அந்தப் பாதையின் நீளம் ஐந்து கிலோமீட்டரே. ஆனால் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகளுக்காகப் போடப்பட்டதால் அதன் சில வளைவுகள் நடப்பவரின் குதிகால் தரையில் படாத அளவுக்குச் செங்குத்தானவை. நான் புறப்பட்ட நேரம் காலை ஒன்பதரை. கையில் இருந்தது அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்று. உடுத்தியிருந்தது கனமான பருத்திச் சட்டை.

அதற்கும் முன்பே, பூங்கா வாயிலில் ஒரு நிகழ்ச்சி நடந்துவிட்டது. வழியில் வாங்கிய இரண்டு பொட்டலம் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைச் சிவப்பு நெகிழிப் பையில் போட்டுக் கையில் தொங்கவிட்டபடி நடந்துகொண்டிருந்தேன். நீண்ட வால் குரங்கு ஒன்று பக்கச் சுவரிலிருந்து இறங்கி, ஓசையில்லாமல் என் பின்னால் நடந்து வந்து, பையின் அடிப்பகுதியைக் கிழித்துவிட்டது. நான் திடுக்கிட்டுப் பையை மேலே தூக்கியபோது அது பல்லைக் காட்டிச் சீறியது. அடுத்த நொடி, எங்கிருந்தோ மேலும் ஐந்தாறு குரங்குகள் என்னைச் சூழ்ந்துகொண்டன. பையை அங்கேயே போட்டுவிட்டு விலகியதால் காயமின்றித் தப்பினேன். இக்குரங்குகளுக்கு மனிதரிடம் பகை இல்லை. ஆண்டுக்கணக்காக மனிதர்கள் உணவு கொடுத்துப் பழக்கியதால், நெகிழிப் பையின் சரசரப்பே அவற்றுக்குச் சாப்பாட்டு மணியாகிவிட்டது. உணவு எதுவானாலும் முதுகுப் பைக்குள் இருக்க வேண்டும். பையின் பல்லிணைப்பு மூடியிருக்க வேண்டும். கையில் எதுவும் தொங்கக் கூடாது. குரங்கின் கண்ணை நேராகப் பார்ப்பதும், நட்பாகப் பல் தெரியச் சிரிப்பதும் அவற்றின் மொழியில் சண்டைக்கான அழைப்பு என்பதைக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. இரக்கத்தால் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறவர், தமக்குப் பின்னால் வரும் யாரோ ஒரு குழந்தையின் கையைக் கடிபடக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்றே நான் நினைக்கிறேன். பூங்காவில் உணவளிப்பதற்குத் தடை இருப்பதும் இதனால்தான்.

ஜீப் பாதையில் ஒன்றரை மணி நேரம் ஏறியதும் தண்ணீர் தீர்ந்துவிட்டது. தலை கனத்தது, வயிற்றைப் புரட்டியது. கெண்டைக்கால் தசை முடிச்சுப் போட்டதுபோல் இழுத்துக்கொண்டது. அப்படியும் அடுத்த வளைவு வரை போய்விடலாம் என்று நடந்தபோது, எதிரே இறங்கி வந்துகொண்டிருந்த அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க தமிழ்ப் பெரியவர் ஒருவர் என் முன்கையை உற்றுப் பார்த்துவிட்டு நின்றார். "கையில புல்லரிச்சிருக்கு பாரும்மா. இந்த வெயில்ல புல்லரிக்கக் கூடாது. உட்காரு, இனிமே ஒரு அடி ஏறக் கூடாது" என்றார். அப்போதுதான் நானும் பார்த்தேன்; வியர்வையில் நனைந்த கை முழுவதும் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. நிழலில் உட்காரவைத்து, காலணியின் கயிறுகளைத் தளர்த்தச் சொல்லி, தம் புட்டித் தண்ணீரை என் பிடரியில் ஊற்றி, அசாம்போய் என்ற, உப்பு ஊறிய உலர்பழம் இரண்டைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அவர் குடிக்க வைத்தார். அரை மணி நேரம் கழித்து, என்னோடு சேர்ந்தே மெல்ல நடந்து பூங்கா வரை கொண்டுவந்து விட்டார்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இது: வியர்வை தோலின்மேல் காய்ந்தால்தான் உடல் குளிரும். கடலால் சூழப்பட்ட இத்தீவின் காட்டில் காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதால், வியர்வை காயாமல் வழிந்தோடுகிறது. நீரும் உப்பும் வெளியேறுகின்றன, சூடு மட்டும் உடலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மரநிழலில் நடக்கிறோம் என்பதால் இந்த ஆபத்து குறைந்துவிடுவதில்லை. புல்லரிப்பு, குமட்டல், தலைசுற்றல், தசை இழுப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் அது உடல் விடுக்கும் எச்சரிக்கை. உடனே நின்றுவிட வேண்டும். பேச்சு குழறினாலோ, நிலை தெரியாமல் நடந்துகொண்டாலோ அது உயிராபத்து. உடலைக் குளிர்விக்கத் தொடங்கிய கையோடு 999 எண்ணை அழைக்க வேண்டும்.

அந்தப் பெரியவர் வாரம் இருமுறை இம்மலையை ஏறுபவர். அங்கிள் என்றே நான் அழைக்கும் அவரும் அவருடைய நண்பர்கள் இருவரும் என் இரண்டாம் முயற்சிக்குத் துணை வந்தார்கள். ஆறு வாரம் கழித்து வரச் சொன்ன அவர், அந்த ஆறு வாரமும் சனிக்கிழமைக் காலையில் தண்ணீர்மலைப் படிகளை முதலில் ஒருமுறையும், பின்னர் இருமுறையும், கடைசியில் மும்முறையும் ஏறி இறங்கச் சொன்னார். ஏறுவதைவிட இறங்குவதை எண்ணிக்கொள் என்பது அவருடைய அறிவுரை. மூச்சு வாங்குவது ஏறும்போது என்றாலும், தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்க வேண்டியிருப்பது இறங்கும்போதுதான். முழங்கால் வலி பிடிப்பதும் அப்போதுதான். இந்த ஒரு பயிற்சியின் பயனை நான் நேரில் உணர்ந்தேன். கால்கள் நடுங்காமல் இறங்க முடிந்ததற்கு வேறு காரணம் இல்லை.

பையில் இரண்டு லிட்டர் தண்ணீர், அரை லிட்டரில் கரைத்த உப்புச் சர்க்கரைக் கரைசல், வாழைப்பழம், அசாம்போய், மெல்லிய மழைச்சட்டை, மாற்று மேற்சட்டை, சிறு கைவிளக்கு, முழுதாக மின்னேற்றிய கைப்பேசி ஆகியவை இருந்தன. சட்டை, விரைவில் உலரும் செயற்கை இழையாலானது. காலணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கிளின் நண்பர் அணிந்திருந்தது, ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டுவோர் அணியும், அடியில் குமிழ்கள் கொண்ட மலிவான கறுப்பு ரப்பர்க் காலணி. மழை பெய்து ஊறிய செம்மண்ணில் என் விலையுயர்ந்த ஓட்டக் காலணி வழுக்கிய இடங்களில் எல்லாம் அது அசையாமல் நின்றது. அடுத்த முறையே நானும் அதை வாங்கிக்கொண்டேன்.

பினாங்கில் பொழுது புலர ஏழு மணிக்கு மேலாகிவிடும். வெளிச்சம் வந்ததும் நாங்கள் புறப்பட்டது, பூங்கா வாயிலுக்குச் சற்று முன்பாக உள்ள நிலா வாயிலிலிருந்து. வட்டமாகத் துளை விட்டுக் கட்டப்பட்ட அந்தப் பழைய சீனச் சுவர், சியா சென் இயோக் என்ற செல்வரின் மாளிகைக்கு நுழைவாயிலாக இருந்தது. ஜார்ஜ்டவுன் துறைமுகத்தருகே, விக்டோரியா அரசியின் 60 ஆண்டு ஆட்சியைக் குறிக்க ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரத்தில் நிற்கும் மணிக்கூண்டைக் கட்டித் தந்தவரும் அவரே. மாளிகை போய்விட்டது, வாயில் மட்டும் காட்டுக்குத் திறந்தபடி இருக்கிறது. அதைக் கடந்ததும் படிகள், பிறகு வேர்களே படிகளாக அமைந்த மண் பாதை. ஜீப் பாதையைவிட இது கடினம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இதுவே எளிதாகப் பட்டது. ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க வேண்டியிருப்பதால் வேகம் தானாகக் குறைகிறது, மூச்சும் சீராகிறது. கிளைப் பாதைகள் பல பிரிவதால், முதல்முறை செல்பவர் வழி தெரிந்த ஒருவரோடு செல்வதே முறை.

வேகம் குறைந்ததன் பலன் அரை மணி நேரத்தில் கிடைத்தது. தலைக்கு மேலே இலைகள் சலசலக்க, கடித்து எறிந்த காம்புகள் எங்கள் முன்னால் விழுந்தன. எல்லோரும் அசையாமல் நின்றோம். சாம்பல் நிற உடலும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும், வாயோரத்தில் வெளுத்த திட்டும் கொண்ட மந்திக் கூட்டம் அது. மலாய்க்காரர்கள் லோத்தோங் என்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது கண்ணாடி போட்ட குரங்கு. பூங்காக் குரங்குகளுக்கும் இவற்றுக்கும் பண்பிலேயே வேறுபாடு. தளிர் இலைகளே இவற்றின் முக்கிய உணவு. பல அறைகள் கொண்ட வயிற்றில் அந்த இலைகள் நுண்ணுயிர்களால் புளித்துச் செரிக்க நெடுநேரம் தேவைப்படுவதால், தின்பதும் அமர்ந்திருப்பதுமாகவே பகலைக் கழிக்கின்றன. ஒரு தாய் எங்கள் தலைக்கு மேல் பத்தடி உயரத்துக் கிளையில் அமர்ந்திருந்தாள். அவள் மார்பைப் பற்றியிருந்த குட்டி, தாயின் நிறத்தில் ஒரு துளியும் இல்லாமல், பழுத்த ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. பிறந்து சில மாதங்கள் வரை அந்த நிறம் இருக்குமாம். தாய் ஒரு தளிரை இழுத்து, முகர்ந்து, நுனியை மட்டும் கிள்ளித் தின்றுவிட்டு மீதியை விட்டாள். கிளை மேலே எகிறியது. குட்டியின் கை, கண்ணை எங்கள் மீதிருந்து எடுக்காமலே, அந்தத் தளிரைத் தேடிக் காற்றைத் துழாவியது. அந்தச் சிறிய விரல்களில் நகங்கள்கூடத் தெரிந்தன.

கூட்டம் நகர்ந்தபோது அதன் பின்னாலேயே கரிய பறவை ஒன்று தாவித் தாவிச் சென்றது. வாலிலிருந்து இரண்டு கம்பிகள் நீண்டு, அவற்றின் நுனியில் இரு சிறு துடுப்புகள் தொங்கின. துடுப்புவால் கரிச்சான் அது. மந்திகள் கிளைகளை உலுக்கும்போது பறந்தெழும் பூச்சிகளைப் பிடிக்கவே அது கூடச் செல்கிறது என்று அங்கிள் சொன்ன சில நொடிகளில், அது பாய்ந்து எதையோ கவ்வியதை நாங்களே கண்டோம். இன்னும் மேலே, முதுகு கறுத்து வயிறு வெளுத்த பெரிய மலையணில் ஒன்று கிளையில் படுத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைமுதல் வால்நுனிவரை ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் செம்பழுப்பு மலையணிலும் இதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

ஓரிடத்தில் பாதையோரச் செடியைப் பற்றி ஏற நான் கையை நீட்டியபோது அங்கிள் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். நான் பிடிக்கவிருந்த கொப்புக்கு ஒரு முழம் தள்ளி, மெல்லிய பச்சை உடலில் சிவப்பும் வெள்ளையுமான புள்ளிகளோடு ஒரு குழிவிரியன் சுருண்டிருந்தது. தீவின் தெற்கேயுள்ள பாம்புக் கோவிலில் காணப்படும் அதே இனம். இரை வரும்வரை நாள்கணக்கில் ஒரே கிளையில் அசையாமல் காத்திருக்கும் இயல்புடைய அது, நாங்கள் நால்வரும் ஒவ்வொருவராகக் கடந்து செல்லும்வரை சிறிதும் அசையவில்லை. அன்றுமுதல், பார்க்காமல் எதையும் பற்றுவதில்லை என்பதை ஒரு விரதம்போல் கடைப்பிடிக்கிறேன். ஊன்றுகோல் ஒன்றைக் கொண்டு சென்றால் செடிகொடிகளைப் பற்ற வேண்டிய தேவையே வராது.

ஒன்றரை மணி நேரத்தில், நடப்பவர்கள் எல்லோரும் 84 என்று அழைக்கும் இளைப்பாறும் கொட்டகையில் ஜீப் பாதையைத் தொட்டோம். தன்னார்வலர்கள் அங்கே தேநீர் வைத்திருந்தார்கள். சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் ஒரே பலகையில் உட்கார்ந்து, யாருடைய பெயரையும் யாரும் கேட்காமல், யார் யார் எத்தனை மணிக்குப் புறப்பட்டார்கள் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, உண்டியலில் நம்மால் இயன்றதைப் போட்டுவிட்டுப் புறப்படுவதே அங்குள்ள வழக்கம்.

மீதி வழி தார்ப்பாதை. நேராக ஏறாமல், பாதையின் அகலத்துக்குள் இப்படியும் அப்படியுமாகக் குறுக்கே நடந்து ஏறினால் கெண்டைக்காலின் பளு குறைகிறது. ஆனால் வண்டிச் சத்தம் கேட்டால் உடனே ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். அந்தச் சரிவில் வண்டியை நிறுத்துவது ஓட்டுநருக்கு எளிதன்று. பாதி வழிக்கு மேல் காற்று குளிரத் தொடங்கியது. மரப் பெரணிகள் குடைபோல் விரிந்து நின்றன.

உச்சியை அடைந்தபோது மணி பத்தரை. நேராக முருகன் கோவிலுக்குச் சென்றோம். 19ஆம் நூற்றாண்டில் சிறு சன்னிதியாகத் தொடங்கிய அருளொளித் திருமுருகன் ஆலயம், மசூதிக்கு அருகிலேயே நிற்கிறது. மலை ரயில் 1923இல் ஓடத் தொடங்குவதற்கு முன், வெள்ளைக்கார அதிகாரிகள் இம்மலைக்குக் குதிரையிலும் டோலியிலும் வந்தார்கள். வெறும் உடலைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்கே நான் பட்ட பாட்டை எண்ணி, இன்னொருவரைத் தோளில் சுமந்து ஏறிய அந்த மனிதர்களை நினைத்தபடிதான் விபூதி பூசிக்கொண்டேன்.

கண்காணிப்பு மேடையில் நின்றபோது மேகம் விலகியிருந்தது. காலடியில் ஜார்ஜ்டவுன், கொம்தார், அதற்கப்பால் 1985இல் திறக்கப்பட்ட முதல் பாலம், தெற்கே மங்கலாக 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலம், நீரிணையைக் கடக்கும் படகுகள் எல்லாம் தெரிந்தன. என் கண் சென்று நின்றது வடக்கே. பெருநிலத்தில், சமவெளிக்கு நடுவே தனியாக எழுந்து நிற்கும் நீல மலை. குனோங் ஜெராய், 1,217 மீட்டர். வங்கக் கடலைக் கடந்து வந்த மரக்கலங்களுக்கு இதுவே கரை வந்ததற்கான அடையாளம். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோவில்களின் இடிபாடுகள் கிடக்கின்றன. அதுவே கடாரம், 1025இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை வந்து தாக்கிய நாடு. பள்ளிப் பாடத்தில் கடாரம் கொண்டான் என்று மனப்பாடம் செய்த சொல்லுக்கு ஓர் உருவமும் நிறமும் இருப்பதை அன்று முதன்முதலாகக் கண்டேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கீழிருந்து மேகம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. இக்காட்சி வேண்டுமென்றால் முற்பகலுக்குள் உச்சியில் இருக்க வேண்டும்.

பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது இங்கே வாடிக்கை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை அது கூடுதல். 2017 நவம்பர் தொடக்கத்தில் ஒரே இரவில் கொட்டித் தீர்த்த மழையில் மலையின் பல இடங்களில் மண் சரிந்து, ஜீப் பாதையும் ரயிலும் மூடப்பட்டன. முந்தைய நாள் கனமழை பெய்திருந்தால் நாங்கள் இப்போது புறப்படுவதே இல்லை. 2021இல் யுனெஸ்கோ, இம்மலையும் அதையொட்டிய காடும் கடலுமாக 12,481 ஹெக்டேரை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அந்தக் காட்டின் வேர்கள்தான் இச்சரிவுகளின் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதை, சரிந்த இடங்களின் சிவந்த மண்ணைப் பார்த்தவர் எவரும் மறக்கமாட்டார்.

அங்கிளும் நண்பர்களும் நடந்து இறங்கினார்கள். நான், முதல்முறை ஏறுபவர் அனைவருக்கும் நான் பரிந்துரைப்பதுபோல், ரயிலில் இறங்கினேன். ஒருவழிச் சீட்டு மேல் நிலையத்தில் கிடைக்கும். விடுமுறை நாள்களில் நீண்ட வரிசை நிற்கும் என்பதையும், பராமரிப்புக்காக ரயில் நிறுத்தப்படும் நாள்கள் உண்டு என்பதையும் புறப்படுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இறங்குவதற்கான வலுவைக் கால்களில் மீதம் வைத்திருக்க வேண்டியிருக்கும். ரயில் சென்று சேர்வது ஏறத் தொடங்கிய பூங்காவில் அன்று, மலையின் மறுபுறம் ஆயர் ஈத்தாமில். ஆகையால் சொந்தக் காரைப் பூங்காவில் நிறுத்திவிட்டு வருவது வீண் அலைச்சல். படகுத்துறையிலிருந்து 10ஆம் எண் பேருந்தில் பூங்காவுக்குச் சென்று, இறங்கியபின் 204ஆம் எண் பேருந்தில் படகுத்துறைக்குத் திரும்புவதே எனக்கு வசதியாக இருந்தது.

ரயில் பெட்டியின் முன்புறக் கண்ணாடியருகே நின்றேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஏறிய உயரம் சில நிமிடங்களில் கீழே நழுவிச் சென்றது. பாதி வழியில், தண்டவாளத்தின்மேல் சாய்ந்திருந்த கிளையில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. பக்கத்தில் நின்ற சிறுவன் குரங்கு என்று கூவுவதற்குள் அது பின்னால் போய்விட்டது. அதன் மார்பில் ஆரஞ்சு நிறம் இருந்ததா என்று பார்க்க முடியவில்லை.